மேகம் போடாத தாள்

அவருக்குத் தெருவில் வைத்த பெயர் மில்லி. புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, "பாவம், ரொம்ப நாளா இந்தப் பழக்கமா?" என்று விசாரிப்பார்கள். மனிதர் டீயைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர், முப்பத்தோரு வருட வேலை. எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "கதவு மூட மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். இவர் போய் அளவுநாடாவை வைத்துப் பார்த்து, "நாலு மில்லி இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கதவு அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவருடைய மனைவிக்கு அந்தப் பெயரில் பெருமை உண்டு. "எங்க வீட்டு மில்லி" என்றுதான் மற்றவர்களிடம் சொல்வாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மில்லி அழவில்லை. தெருவே இதைப் பற்றிப் பேசியது. சிலர் கல்நெஞ்சம் என்றார்கள், சிலர் உள்ளுக்குள்ளேயே அழுகிறார் என்றார்கள். இரண்டும் இல்லை. கால் மரத்துப்போனால் தரையில் வைத்தோமா இல்லையா என்று தெரியாதே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வேலைக்குப் போனார், வந்தார், துணி துவைத்தார், விளக்கை அணைத்தார். வெளியூரில் இருக்கும் மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம்."

"என்ன சாப்பிட்டீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் தட்டை எட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

இனி ஒரு கட்டடத்தின் கதைக்கு வருவோம், மனைவி உயிரோடு இருந்தபோது ஆரம்பித்தது. மில்லி குடியிருக்கும் தெருவுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஒரு காலிமனை இருந்தது. பஸ் நிறுத்தமும் கடைகளும் சாலைப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம். மனை யாருடையது என்று யாரும் கேட்டதில்லை, எல்லோரும் அதன் வழியே நடந்தார்கள். நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. சுற்றிக்கொண்டு போனால் ஒரு கிலோமீட்டர் கூடுதல். அதுவும் நடைமேடை இல்லாத சாலை, லாரிகள் உரசிக்கொண்டு போகும்.

அந்த மனையில் ஏழு மாடி அலுவலகக் கட்டடம் வரப்போகிறது என்றும், அதை வடிவமைக்கும் வேலை தன்னுடைய அலுவலகத்துக்கே வந்திருக்கிறது என்றும் தெரிந்த நாளில் மில்லிக்குத் தூக்கம் போனது. தலைமை வடிவமைப்பாளர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். படபடவென்று பேசுகிற பெண்மணி. எல்லோருக்கும் மேடம். மில்லி அவரிடம் போய், அந்த இடத்தில் ஒரு பாதை இருக்கிறது, நானே அதில்தான் நடக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். கட்டடத்தைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, தரைத்தளத்தின் நடுவே தெருவிலிருந்து சாலை வரைக்கும் அகலமான ஒரு வழி விட்டார். வழியின் ஒரு பக்கம் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு கூடம். இன்னொரு பக்கம் பெஞ்சுகள், மழைநீர்த் தொட்டியிலிருந்து சுத்திகரித்து வரும் குடிநீர்க் குழாய். கெட்டிக்காரத்தனம் அதற்கு மேல்தான் இருந்தது. ஏழு மாடிக்கும் நடுவில், வழியின் கூரையிலிருந்து மொட்டைமாடி வரை கிணறு போல ஒரு வெற்றுக் கூண்டு. பகலில் சேரும் சூடு ராத்திரி அந்தக் கூண்டு வழியாக மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வழியின் பக்கமிருந்து உள்ளே ஏறும். காலையில் வருகிறவர்கள் ஏசி போடாமலே மதியம் வரை வேலை பார்க்கலாம்.

"ஜனங்களுக்கு வழி, கட்டடத்துக்கு மூச்சு. ரெண்டுக்கும் ஒரே ஓட்டை போதும், மில்லி சார்" என்றார் மேடம்.

கட்டட உரிமையாளர் தரப்பில் ஒரு மேலாளர் இருந்தார். எத்தனை பேர் உண்மையில் நடக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டச் சொன்னார். எண்ணுகிற வேலை மில்லிக்கு வந்தது. மூன்று நாள் காலிமனை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கோடு இழுத்தார், ஐந்தாவது கோடு குறுக்கே. மூன்றாம் நாள் சாயங்காலம் மனைவி வேலை முடிந்து சாலைப் பக்கமிருந்து வந்தாள். அவரைத் தாண்டிப் போனாள். கோடு போட்டார். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து சாலைக்குப் போனாள். மறுபடியும் வந்தாள். மறுபடியும் போனாள்.

"என்ன பண்றே நீ?"

"நடக்கிறேன். நாலு போட்டுக்கோங்க."

"நீ ஒரு ஆள்தானே?"

"ஆளா எண்ணச் சொன்னாங்க? நடக்கிறதை எண்ணச் சொன்னாங்க. நான் நாலு தடவை நடந்தேன், என் கால்தான் வலிக்குது."

ராத்திரி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் நடந்ததற்கு ஒரு கோடுதான் இருந்தது. "இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன் பாரு, எனக்குத்தான் சிலை வைக்கணும்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். மில்லி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பேர் என்று கணக்குக் கொடுத்தார். ஆறு மணிக்கு மேல் மட்டும் முந்நூறு சொச்சம். மேலாளர் ஒத்துக்கொண்டார், கட்டட வேலை ஆரம்பித்தது. "வழி மூடாது, நான் வரைஞ்சிருக்கேன்" என்று மில்லி தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அதிகம் பேசாதவர் வாயால் வந்த வார்த்தை, தெரு அதை நம்பியது.

கட்டடம் திறந்த அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, வழியின் இரண்டு முனையிலும் இரும்பு ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

எதிர்வீட்டு அம்மா, அவருடைய மனைவியோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு ராத்திரி வேலை, ஏழு மணிக்கு ஆரம்பம். சுற்றிப் போனதில் பஸ்ஸை விட்டுவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்திருந்தாள்.

"அண்ணே, உங்க கட்டடம் வாயை மூடிக்கிச்சு."

"அப்படி இருக்காது. நான் ஷட்டர் வரையவே இல்லையே."

"வரையாமத்தான் மேலேயிருந்து இறங்குச்சா? ஒரு பிள்ளை கை மாட்டிக்கத் தெரிஞ்சுது. நீங்க சொன்னீங்கன்னுதானே நாங்க அன்னிக்கு சும்மா இருந்தோம்?"

"நான் பாத்துக்கிறேன்மா."

மறுநாள் மேடம் அலுவலகத்தில் சாமியாடினார். "நம்ம வரைபடத்துல ஷட்டரே கிடையாது. அவங்களா போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்துலயே மீட்டிங். தெரு ஆளுங்களையும் கூப்பிட்டிருக்கேன். மில்லி சார், நாம அனுப்பின தாள் எல்லாத்தையும் எடுத்து வைங்க. முகத்துக்கு நேரா விரிச்சுக் காட்டுறேன்."

வியாழக்கிழமை மதியம் மில்லி வரைபடக் கட்டை எடுத்தார். பதினான்காம் தாள், தரைத்தளம். கடைசியாகப் போன தாளைப் பிரித்தார். வழியின் இரு முனையிலும் மெல்லிய இரட்டைக் கோடு, பக்கத்தில் சுருள் பெட்டிக்கான சின்னச் சதுரம். ஷட்டர். மூலையில் "வரைந்தவர்" என்ற கட்டத்தில் அவருடைய கையெழுத்து. தேதியைப் பார்த்தார். மனைவி இறந்த ஐந்தாம் நாள்.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தார். மேடம் வெளியூரில் இருந்தார். மேலாளர் போன் செய்தார், குரல் மரியாதையாகத்தான் இருந்தது. வாடகைக்கு வரும் கம்பெனிகள் பாதுகாப்பு கேட்கிறார்கள், ஆறு மணிக்கு மேல் மூட ஒரு ஷட்டர் வேண்டும், வரைந்து அனுப்புங்கள், மேடம் வந்ததும் சொல்லிவிடுங்கள். மில்லி "சரி" என்றார். அந்த வாரம் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வரைந்தார், அனுப்பினார். மேடம் வந்ததும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, நினைவிலேயே இல்லை.

இன்னொன்றும் இல்லை. மேகம் இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. அனுப்பிய வரைபடத்தில் எதையாவது மாற்றினால், மாற்றிய இடத்தைச் சுற்றி நெளிநெளியாக ஒரு வளையம் போட வேண்டும், சின்னப் பிள்ளைகள் மேகம் வரைவார்களே, அப்படி. பக்கத்தில் ஓர் எழுத்து, மூலைப் பட்டியலில் ஒரு வரி. நூறு தாளில் எது மாறியது என்று அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் ஒப்புதல் கொடுப்பார்கள். மேகம் போடாமல் ஒரு மாற்றத்தை அனுப்புவது வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போவதைவிட மோசம். முப்பத்தோரு வருடத்தில் மில்லி ஒரு மேகத்தையும் விட்டதில்லை. புதிதாகச் சேரும் பையன்கள் விட்டுவிட்டால் பெயரைச் சொல்லாமல் "மேகம்" என்று மட்டும் சொல்வார், அவர்கள் முகம் வெளுத்துவிடும். இப்போது அவர் கையெழுத்துப் போட்ட தாளே மொட்டையாக இருந்தது. அதனால்தான் மேடத்தின் கண்ணில் படவில்லை, யார் கண்ணிலும் படவில்லை.

தாளைக் கிழித்துப் போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். மேலாளரிடம் ஒரு பிரதி இருக்கும், கிழித்துப் பயனில்லை. மேடத்தின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயம் வந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தார், அதுவும் வரவில்லை. தாளைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு மேல் சுற்றுவழியாக நடந்து வீட்டுக்குப் போனார். லாரிக்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் படிக்கும் குட்டி நாற்காலிகளில் மேலாளரும் மேடமும் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேசியது மேலாளர்தான், குறை சொல்லத்தான் பேசினார்.

"ஏசி வேண்டாம்னு சொன்னீங்க. காலைல எட்டு மணிக்கே மாடி எல்லாம் கொதிக்குது."

"ஷட்டரை இறக்கி மூக்கைப் பொத்திட்டு, மூச்சு முட்டுதுன்னா எப்படி?" என்றார் மேடம். "ராத்திரி காத்து உள்ள வர்றதே இந்த வழியாத்தான்."

மேலாளர் மட்டி இல்லை. "சரி, கம்பி கேட் போட்டுடறோம். காத்து வரட்டும். ஆள் வேண்டாம். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க மேடம், ஏதாவது ஆச்சுன்னா என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

"முதல்ல எங்க அனுமதி இல்லாம ஷட்டர் போட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

மேலாளர் பையிலிருந்து தாளை எடுத்துக் குட்டி மேசையில் விரித்தார். "உங்க அலுவலகம் அனுப்பினது. உங்க ஆள் கையெழுத்து."

மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மில்லியைப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாவும் பார்த்தாள். அந்தப் பார்வை உடம்பில் எங்கேயோ பட்டதை மில்லி உணர்ந்தார், வலிக்கவில்லை.

"நான்தான் வரைஞ்சேன்" என்றார். "போன்ல கேட்டாரு, வரைஞ்சு அனுப்பிட்டேன். மேடம்கிட்ட சொல்லலை. அவங்களுக்குத் தெரியாது."

தெருக்காரர்களிடம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ "அடப்பாவி" என்றார்கள்.

மில்லி தாளின் மேல் விரலை வைத்தார். "ஆனா இதுல மேகம் போடலை. பட்டியல்லயும் எழுதலை. நம்ம ஒப்பந்தம், ஒன்பதாம் பக்கம். மேகம் போட்டுக் காட்டாத மாற்றம் ஒப்புதலுக்கு வந்ததா ஆகாது. இந்த ஷட்டர் செல்லாது."

மேடம் சட்டென்று ஒப்பந்தத்தைப் புரட்டினார். மேலாளர் புரட்டவில்லை. மில்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இந்தத் தெருதானே?"

"ஆமா."

"முப்பது வருஷமா வரையறீங்க. ஒரு மேகம்கூட விட்டதில்லைன்னு உங்க மேடமே என்கிட்ட பெருமையா சொல்லியிருக்காங்க. இந்த ஒரு தாள்ல மட்டும் மறந்துட்டீங்க. உங்க தெருவை மூடற தாள்ல மட்டும். பின்னாடி செல்லாதுன்னு சொல்றதுக்காகத் தெரிஞ்சே விட்டீங்கன்னு நான் சொன்னா?"

வெளியே குடிநீர்க் குழாயில் யாரோ பாட்டில் நிரப்பும் சத்தம் மட்டும் கேட்டது. இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதை இந்த எட்டு மாதமும் மில்லி ஒருவரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு அன்றைக்குப் போன் செய்தபோதுகூட, "சீக்கிரம் வா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. தெருவுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"தேதியைப் பாருங்க" என்றார்.

மேலாளர் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி என் மனைவி இறந்துட்டா." மில்லியின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, அளவு வாசிப்பது போல வந்தது. "அன்னிக்கு நான் என்ன வரைஞ்சேன்னு எனக்குத் தெரியாது. நேத்து பாத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா மேகம் போட்டிருப்பேன். என் தெருவா இருந்தாலும் போட்டிருப்பேன்."

"போட்டிருப்பாரு" என்றாள் எதிர்வீட்டு அம்மா. குரல் உடைந்திருந்தது. "அந்த ஆளு கட்டின பொண்டாட்டி நடந்ததுக்கே ஒரு கோடு கூடுதலாப் போடாத ஆளு. அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

மேலாளர் தாளை மெதுவாகச் சுருட்டினார். "எனக்குத் தெரியாது சார்" என்றார். பிறகு அவர் மேலாளர் என்பது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு மாதம் ஷட்டரை ஒன்பதரை வரை திறந்து வைக்கலாம். காவலாளி ஆறு மணிக்கு மேல் நடப்பவர்களை எண்ணட்டும். தினம் சராசரி இருநூறு பேர் வந்தால் தன் மேலிடத்தில் பேசி நிரந்தரமாகத் திறந்துவைப்பதாகவும், வராவிட்டால் மேகத்தோடு ஒரு தாள் அனுப்பச் சொல்லிக் கேட்பதாகவும் சொன்னார். மேடம் ஒத்துக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் மேடம்தான் காரை ஓட்டினார். சாலையைப் பார்த்துக்கொண்டே, "இனிமே உங்க தாளை இன்னொருத்தர் பாத்துட்டுத்தான் அனுப்பணும், மில்லி சார். நான் வேற மாதிரி செய்ய முடியாது" என்றார்.

"நியாயம்தான்."

"அந்த வாரம் உங்களை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். நான் ஊர்லயே இல்லை."

மில்லி மடியிலிருந்த அட்டைக் குழாயை நேராக்கி வைத்தார்.

அந்த மாதம் முழுக்கத் தெரு ஒரு வேலையாக நடந்தது. சாலைப் பக்கம் வேலையே இல்லாதவர்கள்கூட எதையாவது வாங்கக் கிளம்பினார்கள். காவலாளி கையில் கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி இருந்தது. டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே இருப்பார். கண்டிப்பான மனிதர். பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் அழுத்தமாட்டார். மில்லி தினமும் ஒரு தடவை நடந்தார், வேலையிலிருந்து வீட்டுக்கு. அழுத்துவதைப் பார்த்துவிட்டுப் போவார்.

கடைசி நாள் வேலை முடிந்து வந்தவர் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. தெருப் பக்கமிருந்து காற்று வழியில் புகுந்து, அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டு, கூண்டு வழியாக மேலே போனது. கட்டடம் மூச்சு விட ஆரம்பித்துவிட்டது. வரைந்தபடியே நடக்கிறது, ஒரு மில்லி பிசகில்லை. எதிர்வீட்டு அம்மா பையோடு வேகமாகப் போனாள். "என்ன அண்ணே, குடியேறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள், பஸ் வந்துவிடும்.

ஏழே முக்காலுக்குக் காவலாளி கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். இருநூற்று எழுபத்தாறு. "மாசக் கணக்கு நேத்தே தாண்டிடுச்சு சார். இனி ஒருத்தர் வரலைன்னாலும் பரவாயில்லை."

மில்லி தலையாட்டினார். எழுந்தார். சாலை முனையிலிருந்து தெரு முனை வரை நடந்தார், காவலாளி டிக் என்று அழுத்தினார். வீட்டுக்குப் போகிறார் என்றுதான் அவர் நினைத்திருப்பார். மில்லி தெரு முனையில் திரும்பி, சாலைக்கு நடந்தார். மறுபடியும் தெருவுக்கு வந்தார். கால் வலித்தது. வலிப்பது நன்றாகத் தெரிந்தது. நான்காவது தடவை திரும்பியபோது வழியின் விளக்குகளெல்லாம் கலங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் நடந்தார்.

காவலாளி எழுந்து நின்றார். "என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

மில்லி அவர் முன்னால் வந்து நின்று கருவியைப் பார்த்தார். இருநூற்று எழுபத்தேழு. ஒன்றுதான் ஏறியிருந்தது.

"நீங்க ஒரு ஆள்தானே சார்?" என்றார் காவலாளி, தப்புச் செய்தவர் போல.

"நாலு தடவை நடந்தேன்" என்றார் மில்லி. "நாலு போட்டுக்கோங்க."